கேப்டன் கேட்கவில்லை என்றால் துணை விமானி என்ன செய்வார்?

கேள்வி: கேப்டன் தவறாக இறக்குகிறார் என்று தெரிந்தால் துணை விமானியால் தடுக்க முடியுமா? ஃபெஞ்சல் புயலன்று சென்னையில் இறங்க வந்த விமானம் மறுபடி மேலே போனதே, அது யார் தவறு?

முடியும். தடுத்தே ஆக வேண்டும். ஆனால் வாயால் சொல்வது வேறு, கையை வைத்து விமானத்தை வாங்கிக்கொள்வது வேறு.

காக்பிட்டில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். எப்போதும் கேப்டன்தான் ஓட்டுவார் என்றில்லை. மதுரைக்குப் போகும்போது கேப்டன் ஓட்டினால், சென்னைக்குத் திரும்பும்போது துணை விமானி ஓட்டுவது சகஜம்.

ஓடுபாதைக்கு மேலே 1,000 அடி உயரம் என்றால் ஓடுபாதைக்கு இன்னும் சுமார் 3 கடல் மைல் (ஏறக்குறைய 5.5 கி.மீ.). தரைவேகம் 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கி.மீ.) என்றால் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறங்கும். தரை தொட ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது. மேகம் இருந்தால் அந்த 1,000 அடிக்கு வருவதற்குள் சக்கரம், ஃபிளாப் (குறைந்த வேகத்தில் பறக்க இறக்கையில் விரிக்கும் பகுதி), வேகம், எஞ்சின் விசை, செக்லிஸ்ட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் பொதுவாக 500 அடி வரை அவகாசம். இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டினால் கண்காணிப்பவர் 'சிங்க் ரேட்' என்பார், அதாவது இறங்கும் வேகம் அதிகம் என்று எச்சரிப்பார். ஓட்டுபவர் பதில் சொல்லித் திருத்த வேண்டும். திருந்தவில்லையா, 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் திரும்ப மேலே போ. அதற்கும் அசையவில்லை என்றால் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' (இனி நான் ஓட்டுகிறேன்) என்று சொல்லிக் கட்டுப்பாட்டை வாங்கிவிட வேண்டும். 'சார், ஸ்பீடு கொஞ்சம்...' என்று இழுத்தால் அதற்குள் ஓடுபாதை வந்துவிடும். வாசகங்களை முன்கூட்டியே நிர்ணயித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

சொல்வது ஓரளவு நடக்கிறது, வாங்குவதுதான் நடப்பதில்லை. 2010 மே 22, மங்களூர் விமான விபத்து: துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' சொன்னார், கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. 158 பேர் இறந்தார்கள். துணை விமானிக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதில் விதிமுறைகளே குழப்பமாக இருந்தன என்று விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு விமான விபத்து: 8,858 அடி ஓடுபாதையில் பாதியைத் தாண்டித்தான் சக்கரம் தொட்டது. இங்கேயும் 'கோ அரவுண்ட்' சொல்லப்பட்டது; இங்கேயும் யாரும் வாங்கவில்லை. இறந்தவர்கள் 21 பேர், இரு விமானிகளும் அதில் அடக்கம். பத்து வருட இடைவெளியில் அதே ஓட்டை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏன் கை நீளவில்லை? 50 அடி உயரத்தில் தரை தொட மிச்சம் சில விநாடிகள்தான். அரைகுறையாகத் தலையிட்டால் இருவரும் எதிரெதிராக இழுப்பார்கள். ஏர்பஸ்ஸில் இருவர் பக்கமும் உள்ள சைட்ஸ்டிக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) இரண்டின் அசைவும் கூட்டிக் கணக்கிடப்படும். அதிலுள்ள பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் எதிர்ப்பக்க ஸ்டிக்கின் அசைவு கணக்கில் வராது. தரை தொட்டு ரிவர்சர் (எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகம் குறைக்கும் அமைப்பு) போட்டபின் திரும்ப எழும்பவே கூடாது. மங்களூரில் கடைசியில் அதையும் முயன்றார்கள். ஆகவே கட்டுப்பாட்டை வாங்குவதை சிமுலேட்டரில் கை பழகும்வரை செய்து பார்க்க வேண்டும். கிளம்பும் முன் கேப்டனே 'சரியில்லை என்றால் சொல்லுங்கள், நான் அசையவில்லை என்றால் எடுத்துவிடுங்கள்' என்று சொல்லிவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

ஃபெஞ்சல் புயலன்று, 2024 நவம்பர் 30 அன்று, சென்னையில் நடந்ததற்கு வருகிறேன். அந்த விமானம் மறுபடி மேலே போன வீடியோவைப் பார்த்துப் பலர் பதறினார்கள். அந்தக் காற்றில் இறங்க வந்ததே சரியா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. திரும்ப மேலே போனதில் குற்றமே இல்லை. அதற்காக விமானியிடம் விளக்கம் கேட்டு மிரட்டும் நிறுவனம்தான் ஆபத்தானது. பருவமழை நாளில் பெங்களூருக்குத் திருப்பிவிடத் தேவையான எரிபொருளோடு, சென்னை மேல் அரை மணி நேரம் வட்டமிடவும் சேர்த்து ஏற்றி வந்தவர்களுக்குத் திரும்ப மேலே போகும் முடிவை எடுப்பது சுலபம்.