கடலிலேயே கிடக்கிற மீனுக்கு ஏன் உப்பு ஏறவில்லை? மைட்டோகாண்ட்ரியா: கேள்வி பதில்

பிளஸ் டூ பிள்ளைகளின் பாடச் சந்தேகத்துக்காகக் கேள்வி கேட்கச் சொன்னேன். வந்ததில் பாதி படகுக்காரர்களிடமிருந்தும் வீட்டுப் பெண்களிடமிருந்தும்தான். எனக்கு அதில் சந்தோஷமே. கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் விலங்கியல் வாத்தியார், டாக்டர் இல்லை. வைத்தியக் கேள்விகளுக்கு அந்த அளவில்தான் பதில்.

தங்கச்சிமடம், பிளஸ் டூ மாணவி: சார், மைட்டோகாண்ட்ரியா என்றால் "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று எழுதினால் போதுமா? படத்தில் எதையெல்லாம் கட்டாயம் குறிக்க வேண்டும்?

ஒரு மார்க் கேள்விக்குப் போதும் பாப்பா. 1957-ல் பிலிப் சீக்கெவிட்ஸ் எழுதிய அந்தச் சொற்றொடரைத்தான் உலகமே இன்றும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. ஐந்து மார்க் என்றால் அங்கே நிற்காதே.

படத்தில் இரண்டு சவ்வும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வெளிச்சவ்வு வழவழப்பானது. அதில் போரின் என்ற புரதத் துளைகள் உண்டு. சின்ன மூலக்கூறுகள் தடையில்லாமல் போய்வரும். உள்சவ்வு அப்படியில்லை, புரோட்டானைக்கூட எளிதில் விடாது. அதுதான் மடிந்து மடிந்து கிரிஸ்டே ஆகிறது. உள்ளே இருக்கும் கூழ் மேட்ரிக்ஸ். உணவிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கும் கிரப்ஸ் சுழற்சி நடப்பது அங்கே. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவும் ரைபோசோமும் இருப்பதும் அங்கேதான்.

உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்கள் உள்சவ்வில் உள்ள புரதங்கள் வழியாகக் கைமாறி, கடைசியில் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்ந்து தண்ணீராகும். அந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலில் புரோட்டான்கள் இரண்டு சவ்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்குத் தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே வர இருக்கிற முக்கிய வழி ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கிற ஆற்றல் மூலக்கூறுதான் ஏடிபி, அதைச் செய்வது இந்த நொதி. புரோட்டான் நுழைய நுழைய அந்த நொதியின் ஒரு பகுதி நிஜமாகவே சுழலும். ஒரு சுற்றுக்கு மூன்று ஏடிபி. 1961-ல் பீட்டர் மிட்செல் இந்தப் புரோட்டான் கதையைச் சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1978-ல் அதற்கே நோபல் பரிசு.

இன்னொன்று. புத்தகத்தில் அவரைக்கொட்டை போலத் தனியாக வரைந்திருப்பார்கள். உயிருள்ள செல்லில் இவை ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

மண்டபம், பிளஸ் டூ மாணவர்: ஒரு குளுக்கோசுக்கு 38 ஏடிபி என்கிறது ஒரு கைடு, 36 என்கிறது இன்னொன்று, இணையத்தில் 30. எது சரி?

பரீட்சையில் உன் பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுது. உண்மை 30-லிருந்து 32-க்குள். பழைய கணக்கில், எலக்ட்ரானைச் சுமந்துவரும் மூலக்கூறான என்ஏடிஎச் ஒன்றுக்கு 3 ஏடிபி என்று முழு எண்ணாகப் போட்டார்கள். இப்போது அது 2.5. உள்சவ்வில் கொஞ்சம் புரோட்டான் கசியும். செய்த ஏடிபியை வெளியே அனுப்பவும் செலவு உண்டு.

ஏர்வாடி, இல்லத்தரசி: கடல் தண்ணியிலேயே கிடக்கிற மீனுக்கு உப்பே ஏற மாட்டேங்குது, குழம்புக்கு நாமதான் போட வேண்டியிருக்கு. இது உங்க பாடத்துல வருமா?

தாராளமாக வரும் அக்கா. வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மீனின் ரத்தத்தில் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் இழுபடும் என்பதால், கடலுக்குள் இருந்துகொண்டே மீனின் உடம்பு வற்றப் பார்க்கும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. குடித்தால் உப்பும் கூடவே உள்ளே வரும். அந்த உப்பை வெளியே தள்ளும் வேலை செவுளுக்கு.

மீன் கழுவும்போது செவுளைப் பிய்த்துப் பாருங்கள்: சிவப்புச் சீப்பு மாதிரி இருக்கும் இழைகளில், மூச்சுக்கான செல்களுக்கு நடுவே, உப்பை வெளியேற்றுவதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன. 1932-ல் கீஸ், வில்மர் என்ற இருவர் விலாங்கு மீனின் செவுளில் இவற்றை அடையாளம் கண்டார்கள். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுக்க மைட்டோகாண்ட்ரியா அடைத்துக்கிடக்கும். "மைட்டோகாண்ட்ரியா செறிந்த செல்" என்றே இவற்றுக்கு ஒரு பெயர் உண்டு. ரத்தத்தில் குறைவாக உள்ள உப்பை, ஏற்கெனவே உப்பு மிகுந்த கடலுக்குள் தள்ளுவது தானாக நடக்கிற காரியமில்லை. ஒவ்வொரு நொடியும் ஏடிபி கேட்கும். மீன் உயிரோடு இருக்கும்வரை அந்தச் செலவு நிற்காது.

மடவை கடலிலும் இருக்கும், முகத்துவாரம் ஏறி உப்புக் குறைந்த தண்ணீருக்கும் போகும். அதற்கேற்ப செவுளின் செல்கள் உப்பைத் தள்ளுவதைக் குறைத்து, உள்ளே இழுக்கத் தொடங்கும். சுறா வேறு வழியில் போனது. யூரியாவை ரத்தத்திலேயே தேக்கிவைத்து உடம்பின் அடர்த்தியைக் கடல்நீருக்குச் சமமாக்கிக்கொண்டது. பழைய சுறாவில் மூக்கைத் துளைக்கிற நெடி, பாக்டீரியா அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைப்பதால் வருவது. புட்டுக்கு வாங்கும்போது மோந்து பார்த்து வாங்கச் சொல்வது சும்மா இல்லை.

பாம்பன், மீன் வியாபாரி: சூரையில் முள்ளை ஒட்டிக் கருஞ்சிவப்புக் கறி வருது, விளமீன்ல வெள்ளையா இருக்கு. ரத்தம் தேங்குறதுனாலயா?

தேங்கின ரத்தம் இல்லை அண்ணே, தசையே அப்படி. சூரை நிற்காமல் நீந்துகிற மீன். ஓயாமல் வேலை செய்யும் தசைக்கு ஓயாமல் ஆக்சிஜன் வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் அந்தக் கறியில் நிறைய. அதன் நிறம்தான் அது. கூடவே மைட்டோகாண்ட்ரியாவும் நெருக்கமாக இருக்கும். விளமீன் பாறைப் பக்கம் மெதுவாகத் திரிந்து, தேவைப்படும்போது ஒரு பாய்ச்சல் பாயும். அந்தப் பாய்ச்சலுக்கு ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கிற வெள்ளைத் தசை போதும். அதில் மைட்டோகாண்ட்ரியா குறைவு.

சூரையின் சிவப்புத் தசையில் உண்டாகும் சூடு வீணாவதில்லை. எதிரெதிராக ஓடும் ரத்தக்குழாய்ப் பின்னல் ஒன்று அந்தச் சூட்டை உள்ளேயே திருப்பிவிடும். அதனால் சூரையின் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். மயில் மீன் இன்னும் ஒரு படி மேல்: அதன் கண்ணுக்கும் மூளைக்கும் சூடு கொடுக்க, தசையிலிருந்து உருமாறிய ஓர் உறுப்பு இருக்கிறது. அந்தச் செல்லின் கொள்ளளவில் பாதிக்கு மேல் மைட்டோகாண்ட்ரியாதான்.

ராமேஸ்வரம், விசைப்படகுத் தொழிலாளி: பிடிச்ச மீன் கொஞ்ச நேரத்துல விறைச்சுப்போகுது, அப்புறம் தானா தளருது. வலையில ரொம்ப நேரம் துடிச்ச மீன் சீக்கிரம் விறைக்குது. ஏன்?

ஏடிபி என்பது நீங்கள் கடலுக்குப் போகுமுன் வாங்குகிற டோக்கன் மாதிரி. அன்றைக்கு வாங்கி அன்றைக்கே தீர்ப்பது. அடுத்த வாரத்துக்கென்று சேர்த்துவைக்க முடியாது. மீன் செத்ததும் செவுள் நின்றுபோகும், ஆக்சிஜன் வராது, மைட்டோகாண்ட்ரியா நின்றுவிடும். மிச்சமிருக்கும் சர்க்கரையை வைத்து தசை கொஞ்ச நேரம் ஓட்டும். பிறகு ஏடிபி தீரும்.

தசை சுருங்க ஏடிபி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுருங்கிய தசையின் புரத இழைகள் ஒன்றையொன்று விடுவதற்கும் ஏடிபி வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுவோம். ஏடிபி இல்லாவிட்டால் பிடித்த பிடி அப்படியே நிற்கும், அதுவே விறைப்பு. பிறகு தசையின் சொந்த நொதிகளே புரதத்தை அரிக்க, கறி தளரும். வலையில் துடித்த மீன் தன் சர்க்கரையை உயிரோடிருக்கும்போதே செலவழித்துவிட்டது, அதனால் அதற்குச் சீக்கிரம் விறைக்கிறது. தூண்டிலில் பிடித்து உடனே கொன்று ஐஸில் போட்ட மீன் நன்றாக நிற்பதற்கும் இது ஒரு காரணம்.

ருசியும் இதே கணக்குதான். சிதைகிற ஏடிபி நடுவில் ஐஎம்பி என்ற பொருளாகும். புது மீனின் ருசியில் அதற்குப் பெரிய பங்கு. இன்னும் சிதைந்தால் ஹைப்போசாந்தின், லேசான கசப்பு. ஐஸ் இதை நிறுத்தாது, தாமதப்படுத்தும்.

அப்புறம், கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கழிவுமீன் அழுகிக்கிடக்கும் மூடிய கிடங்குக்குள் சட்டென்று இறங்காதீர்கள். அதில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு, சயனைடு தாக்குகிற அதே நொதியைத் தாக்கும்: எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைக்கிற கடைசி நொதி. ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் செல்லால் பயன்படுத்த முடியாது. வாயு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. உள்ளே ஒருவர் விழுந்தால் காப்பாற்றப் போகிறவரும் விழுவார். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட்டம் விட்ட பிறகே இறங்க வேண்டும்.

சின்னப்பாலம், கல்லூரி மாணவர்: அம்மா பாசி எடுக்க மூச்சடக்கி முங்குகிறார். அவருக்கு மைட்டோகாண்ட்ரியா அதிகமா இருக்குமா?

தினமும் நீந்துகிறவர் என்பதால் கை கால் தசையில் இருக்கலாம். ஆனால் மூச்சடக்க அது உதவாது. நாம் இழுக்கிற ஆக்சிஜனில் பெரும்பங்கை எரிப்பதே மைட்டோகாண்ட்ரியாதான். மரிக்கொழுந்துப் பாசிக்காக முங்குகிறவர்கள் பழக்கத்தால் செய்வது, அவசரமில்லாமல் அசைந்து அந்தச் செலவைக் குறைப்பது.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள் தம்பி. முங்குமுன் வேகவேகமாக நிறைய மூச்சு இழுத்துவிடக் கூடாது. மேலே வா என்று உடம்பு தவிப்பது முக்கியமாக கார்பன் டை ஆக்சைடு ஏறுவதால். அதை முன்பே ஊதித் தள்ளிவிட்டால் தவிப்பு வருமுன் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும்.

கீழக்கரை, பெயர் வேண்டாம் என்றவர்: தங்கை மகனுக்கு மைட்டோகாண்ட்ரியா நோய் என்கிறார்கள். அது தாய் வழிதான் வரும் என்று மாமியார் வீட்டில் தங்கையைக் குறை சொல்கிறார்கள்.

பாதி படித்துவிட்டுப் பேசுகிறார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாயிடமிருந்து வருவது உண்மை. ஆனால் மனிதரில் அதில் இருப்பது 37 மரபணுக்கள்தான். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களில் 13-க்கு மட்டுமே அங்கே குறிப்பு உண்டு. மற்ற எல்லாம் செல்லின் உட்கருவிலிருந்து, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருகின்றன. பிள்ளைகளுக்கு வரும் மைட்டோகாண்ட்ரியா நோய்களில் பெரும்பாலானவை உட்கருக் கோளாறுகள். அவற்றில் பல, இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். சொந்தத்தில் கல்யாணம் என்றால் அந்த வாய்ப்பு கூடும்.

எந்த வகை என்பதை மரபணுச் சோதனையில்தான் உறுதி செய்ய முடியும். அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்குமுன் மரபியல் ஆலோசனைக்குத் தங்கையும் மாப்பிள்ளையும் சேர்ந்தே போகட்டும். தாய் வழி என்றே வந்தாலும், அது அவள் செய்த குற்றமா என்ன?

பரமக்குடியிலிருந்து கீழக்கரைக்கு வேலைக்கு வருபவர்: மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கும் என்று ஒரு பவுடர் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். தினமும் வேகமாக நடந்தாலே தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகும், செலவில்லை.

உச்சிப்புளி, ஆசிரியை: ஏடிபியைக் கண்டுபிடித்தது நம் ஊர்க்காரர் என்கிறார்களே?

1929-ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டார். அதே ஆண்டு ஹார்வர்டில் ஃபிஸ்கேவும் எல்லப்பிரகட சுப்பாராவும் தனியாகக் கண்டார்கள். சுப்பாராவ் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தவர், படித்தது மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில். பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சொல்லுங்கள்.

அதே ஆசிரியை: பள்ளி மைக்ராஸ்கோப்பில் மைட்டோகாண்ட்ரியாவைக் காட்ட முடியுமா?

கிரிஸ்டே தெரியாது, அதற்கு மின்னணு நுண்ணோக்கி வேண்டும். தடிமன் அரை மைக்ரோமீட்டரிலிருந்து ஒன்று வரைதான் என்பதால் புள்ளியாக, சிறு கோடாகத் தெரியும். ஜேனஸ் கிரீன் பி சாயத்தை மிகவும் நீர்த்து, உரித்த வெங்காயத் தோலில் ஒரு சொட்டு விட்டு, எண்ணெய் வைத்துப் பார்க்கிற 100 எக்ஸ் லென்ஸில் பாருங்கள். தோல் புதிதாக இருக்க வேண்டும். சாயம் நீலமாக நிற்பது வேலை செய்கிற மைட்டோகாண்ட்ரியாவில்தான். செல்லின் மற்ற இடங்களில் அது நிறமிழந்துவிடும். மூடிக்கண்ணாடிக்கு அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் மைட்டோகாண்ட்ரியாவின் நீலமும் மங்கிவிடும் என்பதால், ஒரே ஸ்லைடை வகுப்பு முழுக்கக் காட்டப் பார்க்காதீர்கள். நாலைந்து பேருக்கு ஒரு புது ஸ்லைடு போடுங்கள்.