மனையைப் பார்க்குமுன் ரோட்டைப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

புறநகர்ச் சாலைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது கிழக்குத் தாம்பரம் சேலையூரில் வசிக்கும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

மேடவாக்கத்தில் பாலம் வந்தால் நெரிசல் தீரும் என்றார்கள். பாலம் வந்து வருஷங்கள் ஆகியும் மாலையில் வேளச்சேரியிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் போய்ச் சேர்வதற்குள் உயிர் போகிறது. இன்னொரு பாலம் கட்டச் சொல்லி மனு கொடுக்கலாமா?
— ஒரு வாசகர், ராஜகீழ்ப்பாக்கம்

பாலம் தன் வேலையைச் செய்கிறது, ஐயா. 2022 மே மாதம் திறந்த அந்த நீளப் பாலம் சுமார் 2 கிலோமீட்டர். சோழிங்கநல்லூர் ரோடு, மாம்பாக்கம் ரோடு, பரங்கிமலை ரோடு வந்து சேரும் இடங்களையெல்லாம் தாண்டி உங்களைக் கொண்டுபோய் விடுகிறது. ஆனால் பாலத்தை விட்டு இறங்கியதும் பழைய ரோடுதானே? சந்தோஷபுரம், வேங்கைவாசல், செம்பாக்கம், கௌரிவாக்கம், கேம்ப் ரோடு என்று ஊருக்கு ஊர் இருபக்கமும் தெருக்கள் வந்து அந்த ஒரே ரோட்டில்தான் முட்டுகின்றன.

உங்கள் நகரிலிருந்து பக்கத்து நகருக்குப் போக வேண்டுமானால் எப்படிப் போவீர்கள்? மெயின் ரோட்டுக்கு வந்து, சென்டர் மீடியனில் திரும்ப இடம் தேடி, யூ-டர்ன் அடித்து, மறுபடி உள்ளே போக வேண்டும். நேர் கோட்டில் பார்த்தால் இரண்டு வீடும் ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு இப்புறமும் அப்புறமும் இருக்கும். தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகிற வண்டியும், மாவு வாங்கக் கிளம்பிய ஸ்கூட்டரும் ஒரே தாரில் நிற்பது இதனால்தான். பத்து வயலின் வடிகாலை ஒரே வாய்க்காலில் திருப்பிவிட்டு, வாய்க்காலை மட்டும் தூர்வாரிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்கிறது.

இது எப்படி வந்தது என்பதை நான் மேசையில் உட்கார்ந்து பார்த்தவள். ஒருவர் தன் மூன்று ஏக்கர் நஞ்சையை விற்பார். வாங்கியவர் நடுவில் ஒரு ரோடு போட்டு இருபக்கமும் மனை பிரிப்பார். ரோட்டின் கடைசி, அடுத்த சர்வே எண்ணின் வரப்பில் போய் நிற்கும். சில வருஷம் கழித்து அந்த அடுத்த நிலமும் லேஅவுட் ஆகும். அதற்கும் தனியாக ஒரு ரோடு, தனியாக ஒரு முட்டு. எந்த வரைபடத்தை எடுத்தாலும் ரோட்டு அகலம் சரி, பூங்காவுக்கு ஒதுக்கியது சரி, விதிப்படி எல்லாம் சரி. எல்லாவற்றையும் ஒட்டிவைத்துப் பார்த்தால்தான் ஊருக்குக் குறுக்குத் தெருவே இல்லை என்பது தெரியும். ஒட்டிவைத்துப் பார்க்கும் வேலை யாருடைய மேசையிலும் இல்லை.

அதோடு நிர்வாக எல்லை. பள்ளிக்கரணை 2011-லேயே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. நகராட்சியாக இருந்த செம்பாக்கம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் மேடவாக்கம் அப்போதும் ஊராட்சி. மெயின் ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது. ஓர் இணைப்புத் தெரு இந்த எல்லையில் தொடங்கி அந்த எல்லையில் முடிந்தால், அது யாருடைய பட்ஜெட்டிலும் வராது.

இன்னொரு பாலத்துக்கோ அகலப்படுத்தவோ மனு கொடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அதில் கிடைப்பது கொஞ்ச காலம்தான். இடம் கிடைத்தது தெரிந்ததும், முன்பு ரயிலில் போனவர்கள், நேரம் மாற்றிக் கிளம்பியவர்கள் எல்லோரும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ‘பாலத்துக்கு மிக அருகில்’ என்று புது மனைகளும் விற்றுவிடும். உலகத்தில் பல ஊர்களில் இதுதான் நடந்திருக்கிறது. மனுவில் இணைப்புத் தெருவைக் கேளுங்கள். எந்த நகரின் எந்தத் தெரு எந்தச் சுவரில் முட்டுகிறது என்று கூகுள் மேப்பை அச்செடுத்து, சிவப்பு மையில் வட்டமிட்டுக் கொடுங்கள். அந்தக் காகிதத்துக்கு ஒரு பக்கம் எழுதிய மனுவைவிட மதிப்பு அதிகம்.

மாம்பாக்கம் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறேன். அப்ரூவ்டு லேஅவுட், ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்கிறது. ரோடு விஷயத்தில் வேறு என்ன பார்க்க வேண்டும், மேடம்?
— ஒரு வாசகர், பெருங்குடி

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. பத்திரத்தைப் பத்துப் பேரிடம் காட்டுகிறவர்கள்கூட ரோட்டை யாரிடமும் கேட்பதில்லை.

லேஅவுட்டுக்கு உள்ளே இருக்கும் ரோடு அழகாகத்தான் இருக்கும். வெளியே பாருங்கள். மெயின் ரோட்டிலிருந்து லேஅவுட் வாசல் வரை வருகிற அணுகுசாலை யாருடையது? வருவாய்த் துறைக் கணக்கில் அது வண்டிப்பாதையாகவோ சாலைப் புறம்போக்காகவோ இருக்கிறதா, அல்லது யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் பழக்கத்தால் போகிற வழியா? அரசின் இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் புலப்படம், அதாவது அந்த நிலத்தின் அளவு வரைபடம், வரும். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதுதான். அதில் பாதை கோடு போட்டுக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய், அணுகுசாலை மிகக் குறுகலாக இருக்கும் இடத்தில் நீங்களே அளந்து பாருங்கள். புரோக்கர் சொல்லும் ‘முப்பது அடி ரோடு’ லேஅவுட்டுக்குள் இருக்கும் ரோடு. வழியில் ஒரு கோயில் மூலையிலோ ஒரு கிணற்றடியிலோ அது பதினான்கு அடியாகச் சுருங்கினால், உங்கள் வீட்டுக்கு வரும் தீயணைப்பு வண்டிக்கு அந்தப் பதினான்கு அடிதான் கணக்கு.

ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். நகலையும் கேளுங்கள். ‘கிஃப்ட் டீட் முடிந்துவிட்டது’ என்று வாயால் சொன்னால் போதாது.

பக்கத்து மனைகள் எந்த வகை என்பதையும் விசாரியுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் திட்டம் வந்தது. அப்படி வரன்முறையான பகுதிகளில் ரோடுகள் பெரும்பாலும் உள்ளது உள்ளபடியே ஏற்கப்பட்டவை. அவற்றின் வழியாகத்தான் உங்களுக்குப் பாதை என்றால், நாளைக்கு அந்தப் பாதை அகலமாகும் என்று நம்பி வாங்காதீர்கள்.

அப்புறம் ஏரி. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை இந்தப் பக்கமெல்லாம் ஏரிகளின் நாடு. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், சித்தாலப்பாக்கம், பெரும்பாக்கம் என்று ஒன்றின் கலங்கலிலிருந்து, அதாவது ஏரி நிரம்பினால் மிகுநீர் வழியும் இடத்திலிருந்து, இன்னொன்றுக்குத் தண்ணீர் போய், இந்த ஏரிகளில் பல கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்கின்றன. நம் ரோடுகள் வளைந்து வளைந்து போவதற்குக் காரணமும் அதுதான். அவை ஏரிக்கரையைச் சுற்றி மாட்டுவண்டி போன தடங்கள். எனவே மனைக்குப் போகும் பாதை ஏரியின் கலங்கலுக்குக் கீழே போகிறதா என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள். வீடு மேட்டில் இருந்தாலும், நவம்பரில் பாதை மூழ்கினால் உங்களால் வெளியே வர முடியாது. மழைக்காலத்தில் ஒரு முறையும், வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு ஒரு முறையும் நேரில் போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அண்ணா நகரிலும் தி.நகரிலும் தெருக்கள் ஒழுங்காக இருக்கின்றன. நம் புறநகரில் மட்டும் ஏன் முடியவில்லை? அந்தக் காலத்து ஆட்கள் கெட்டிக்காரர்களா?
— ஒரு கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

இந்தக் காலத்து ஆட்களும் கெட்டிக்காரர்கள்தான் மா. வரிசைதான் மாறிவிட்டது. தி.நகர் 1920-களில் மாம்பலம் ஏரிப் படுகையில் எழுந்தது. நிலம் மொத்தமாகக் கையில் இருந்தது. முதலில் பனகல் பூங்காவும் அதிலிருந்து பிரியும் ரோடுகளும் வரைபடத்தில் வந்தன, அப்புறம் வீடுகள். அண்ணா நகர் 1968 உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தையும் சுற்றுப்புறத்தையும் எடுத்து, வீட்டு வசதி வாரியம் வளர்த்தது. அவென்யூவும் மெயின் ரோடும் எண் போட்டுக் கட்டம் கட்டமாகப் போவது அதனால்தான். இன்று அங்கேயும் நெரிசல் உண்டு. ஆனால் ஒரு தெரு அடைத்தால் அடுத்த தெருவில் போகலாம்.

இப்போது நிலம் ஆயிரம் பேர் கையில் இருக்கிறது. மொத்தமாக எடுக்க அரசிடம் பணமும் இல்லை, எடுத்தால் மக்களுக்கும் வலி. வேளச்சேரி வரை வந்த பறக்கும் ரயிலைப் பரங்கிமலையோடு சேர்க்கும் வேலை 2008-ல் தொடங்கியது. கடைசி அரை கிலோமீட்டர் போல இருந்த நிலத்துக்காக எத்தனை வருஷம் தூண்கள் அந்தரத்தில் நின்றன என்பதை ஆதம்பாக்கத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதற்கு ஒரு வழியை அகமதாபாத் காட்டியிருக்கிறது. அங்கே ஒரு பகுதியின் நிலங்களையெல்லாம் காகிதத்தில் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். ரோடு, பூங்கா, பள்ளிக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனையாக்கி அவரவருக்கே திருப்பித் தருகிறார்கள். நிலம் கொஞ்சம் குறைகிறது, ஆனால் எல்லோருக்கும் ரோட்டு முகப்பு கிடைக்கிறது, மதிப்பு கூடுகிறது. யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அந்த ஊரின் 76 கிலோமீட்டர் சுற்றுச்சாலைக்குப் பெரும்பகுதி நிலம் இந்த முறையில்தான் கிடைத்தது. தமிழ்நாட்டிலும் இப்படிப்பட்ட நிலத் திரட்டுக்கு 2020-ல் விதிகள் வந்துவிட்டன. சென்னை எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்தது 2046 வரைக்கும். வயலாக இருக்கும் இடங்களிலாவது, மனை பிரிக்குமுன் ரோட்டுக் கோட்டை அந்தத் திட்டத்தில் வரைந்துவிட வேண்டும் என்பதே என் ஆசை. இன்று கோடு போட ஆகிற செலவு மையும் காகிதமும்தான். பத்து வருஷம் கழித்து அதே கோட்டைப் போட நூறு வீடுகளை இடிக்க வேண்டியிருக்கும்.

எங்கள் நகரின் பின்பக்கத் தெரு பக்கத்து நகரோடு சேர்கிறது. காலையில் மெயின் ரோடு அடைத்ததும் பைக்குகள் உள்ளே புகுந்து பறக்கின்றன. குழந்தைகள் விளையாட முடியவில்லை. சங்கத்தில் கேட் போட முடிவு செய்திருக்கிறோம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர், செம்பாக்கம்

உங்கள் பயம் நியாயமானது. கேட் போடாதீர்கள். தானப் பத்திரம் ஆன அன்றே அந்தத் தெரு உள்ளாட்சிக்குச் சொந்தமாகிவிட்டது. அதை மூடச் சங்கத்துக்கு உரிமை கிடையாது.

சட்டம் இருக்கட்டும், கணக்கையும் பாருங்கள். சுற்றுவட்டாரத்தில் பத்து நகர்கள் இருந்து ஒன்பது கேட் போட்டிருந்தால், திறந்திருக்கிற ஒன்றில்தான் அத்தனை பைக்கும் வரும். உங்கள் தெரு அந்தத் துன்பத்தைப் படுவதற்குக் காரணம், மற்றவர்கள் மூடியதுதான். நீங்களும் மூடினால் கூட்டம் மெயின் ரோட்டில் நிற்கும், அதில் உங்கள் வீட்டு வண்டியும் நிற்கும். பத்தும் திறந்தால் ஒவ்வொரு தெருவுக்கும் கொஞ்சம்தான் பங்கு வரும். பக்கத்துச் சங்கங்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். எல்லோரும் ஒரே நாளில் திறப்பது என்று முடிவெடுங்கள்.

வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறது. மாநகராட்சியிடம் எழுதிக் கேட்டு முறையான வேகத்தடை போடலாம், தெரு முனையில் ரோட்டைக் கொஞ்சம் குறுக்கலாம். எதைச் செய்தாலும் நடந்து போகிறவருக்கும் சைக்கிளுக்கும் இருபத்துநாலு மணி நேரமும் வழி விடுங்கள். உங்கள் வீடுகளில் வேலை செய்ய வரும் பெண்களில் பலர் அந்தப் பின்பக்கத் தெரு வழியாகத்தான் வருகிறார்கள். கேட் வந்தால் முதலில் சுற்றிக்கொண்டு நடக்கப்போவது அவர்கள்தான்.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் நல்ல திட்டமா, தப்பான திட்டமா?
— ஒரு வாசகர், ஊரப்பாக்கம்

நல்ல திட்டம், வரிசை தப்பு. வெளியூர்ப் பேருந்துகளை ஊருக்கு வெளியே நிறுத்துவது சரி. 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது, பக்கத்திலேயே தண்டவாளம் போயும் ரயில் நிலையம் இல்லை. ரயில் நிலையம் முதலில், பேருந்து நிலையம் அப்புறம் என்று இருந்திருந்தால், பெட்டியும் குழந்தையுமாக ஜி.எஸ்.டி. ரோட்டில் ஆட்டோவுக்குப் பேரம் பேசி நின்றவர்கள் அப்படி நின்றிருக்க மாட்டார்கள்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. பள்ளி நடக்கிற தூரம்தான். ஆனால் நடைபாதையே இல்லை, அதனால் தினமும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன். நானும் நெரிசலுக்கு ஒரு காரணம் என்று தெரிகிறது. யாரிடம் கேட்பது?
— ஒரு வாசகி, கௌரிவாக்கம்

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, சகோதரி. நடக்க இடம் இல்லாத ரோட்டில் குழந்தையை நடக்கவிட எந்தத் தாய்க்கும் மனம் வராது. காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கிற வண்டிகளில் எத்தனை, நடக்கிற தூரத்திலிருந்து வந்தவை என்று நினைத்துப் பாருங்கள். நடைபாதை என்பது நெரிசலைக் குறைக்கும் வேலைதான். அதை அழகுபடுத்தும் செலவுக் கணக்கில் எழுதுவதை நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன்.

பள்ளிக்குப் போகும் வழியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டுப் பகுதிக்கு நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளருக்கும், உள்தெருப் பகுதிக்கு மாநகராட்சி ஆணையருக்கும் வார்டு கவுன்சிலருக்கும் தனித்தனி மனு கொடுங்கள். ஒரே மனுவாகக் கொடுத்தால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார். இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு விதி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது. அந்த எண்ணை மனுவில் எழுதுங்கள். டிரான்ஸ்பார்மர், மின்கம்பம், கடைப் பலகை எங்கெங்கே வழியை அடைக்கின்றன என்று படம் எடுத்து இணையுங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடமும் மற்றப் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் மனுவைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதில் வராவிட்டால் அந்தச் சீட்டின் நகலோடு எனக்கு எழுதுங்கள். அடுத்து யாரிடம் போகலாம் என்று சொல்கிறேன்.