ஒரே தோப்பு மண், இரண்டு ஆய்வகம், இரண்டு துத்தநாக அளவு: எதை நம்புவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் உள்ள தென்னந்தோப்பில் ஒரே நாளில் மண் எடுத்து, பாதியைக் கேரளப் பக்கத்து ஆய்வகத்திலும் மீதியைக் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆய்வகத்திலும் கொடுத்திருக்கிறீர்கள். முதல் அறிக்கையில் துத்தநாகம் 2.6 பிபிஎம் (கிலோ மண்ணுக்கு 2.6 மில்லிகிராம்), ‘போதுமானது’. இரண்டாவதில் 0.8, ‘குறைவு’. இவர்களில் யார் அளக்காமலே எழுதியது என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், இளநீரை ஆர்செனிக் சோதனைக்குக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இருவரும் அளந்துதான் எழுதியிருப்பார்கள். மண்ணையும் இலையையும் அமிலத்தில் கரைத்து உலோகம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வேலந்தாவளம் பக்கம் எங்களுக்கு உறவு இருப்பதால் உங்கள் ஊர்க் கரிசலும் எனக்குப் பழக்கம். இந்த இரண்டு எண்களும் ஒரே மண்ணிலிருந்து நியாயமாகவே வரக்கூடியவை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உங்கள் மண்ணில் மொத்தம் எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்பதை இரண்டு ஆய்வகமும் அளக்கவே இல்லை. மொத்தத்தை அளக்க வேண்டுமானால் ராஜதிராவகத்தில் (ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் அமிலக் கலவை) மண்ணைக் கொதிக்கவிட வேண்டும். அப்போது சாதாரண மண்ணிலேயே பல பத்து பிபிஎம் வரும். ஆனால் அதில் பெரும்பகுதி களிமண்ணுக்குள்ளும் கனிமங்களுக்குள்ளும் பூட்டிக் கிடக்கிறது. வேருக்கு எட்டுவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். அந்தச் சிறு பங்கை மட்டும் வேரைப் போல உருவி எடுக்கும் திரவம் எது என்று மண்ணியலாளர்கள் பல காலம் தேடி, மண்ணுக்கு மண் வேறு வேறு விடை கண்டார்கள். உங்களுக்கு வந்தவை அப்படிப்பட்ட இரண்டு விடைகள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் வழக்கமாகச் செய்வது டிடிபிஏ முறை. லிண்ட்சே, நார்வெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1978-ல் வெளியிட்டது. 10 கிராம் மண்ணில் 20 மில்லி கரைசலை ஊற்றி 2 மணி நேரம் குலுக்கி வடிகட்டுவார்கள். டிடிபிஏ மூலக்கூறு நண்டு கொடுக்கால் கவ்வுவதைப் போல உலோக அயனியைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கரைசலின் பிஎச் (அமில-கார அளவு) 7.3-ல் நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது, கால்சியம் குளோரைடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. சுண்ணாம்பு கரைந்துவிடக் கூடாது, அதற்குள் சிறைப்பட்ட துத்தநாகம் வெளியே வந்து கணக்கைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடு. சுண்ணாம்பு மண்ணை மனதில் வைத்தே உருவாக்கிய முறை இது.

கேரளத்தின் பெரும்பகுதி செம்புரை மண், அமில மண். அங்கே 0.1 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மண்ணுக்குப் பத்து மடங்கு ஊற்றிச் சில நிமிடம் குலுக்கி எடுப்பது வழக்கம். அந்த மண்ணுக்கு அது பொருத்தமான, எளிய முறை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், உங்கள் ஊர் அடங்கிய சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரம் கேரளத்துக்குள் இருந்தாலும் மண் கேரளத்து மண்ணாக இல்லை. கரிசல், நடுவில் சுக்கான்கல் (சுண்ணாம்புக் கல்), பிஎச் 7-க்கு மேல். ஆட்சி எல்லை வேறு, மண்ணின் எல்லை வேறு.

சுண்ணாம்பு உள்ள மண்ணில் அந்த அமிலத்தை ஊற்றினால் என்ன ஆகும் என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கிராம் மண்ணில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றால் அரை கிராம். 100 மில்லி 0.1 நார்மல் அமிலத்தை முழுவதுமாகச் செயலிழக்கச் செய்ய அந்த அரை கிராமே போதும். அதாவது சுண்ணாம்பு அதிகமாக இருந்தால் அமிலம் துத்தநாகத்தைத் தொடுவதற்கு முன்பே செத்துவிடும், எண் பொய்யாகக் குறையும். சுண்ணாம்பு ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் இருந்தால் நிலைமை தலைகீழ்: அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து, அதில் ஒட்டியிருந்த துத்தநாகத்தையும் இழுத்துக்கொண்டு வரும், எண் பொய்யாக ஏறும். உங்கள் 2.6 இந்த இரண்டாம் வகை என்று ஊகிக்கிறேன். தென்னையின் வேர் 0.1 நார்மல் அமிலத்தைச் சுரப்பதில்லை. ஆகவே அந்த 2.6-ல் பெரும்பகுதி மரத்துக்கு உதவாது.

இதற்கு மேல் இன்னொரு குழப்பம். ‘போதுமானது’, ‘குறைவு’ என்று முத்திரை குத்தும் எல்லைக்கோடும் முறைக்கு முறை, ஊருக்கு ஊர் மாறும். டிடிபிஏ துத்தநாகத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் எல்லை 1.2 பிபிஎம். இந்தியாவின் பல பகுதிகளில் அதே முறைக்கு 0.6. கேரளத்து அமில முறைக்கு 1.0. உங்கள் 0.8-ஐ வேறு மாநிலத்து அட்டவணையில் வைத்தால் ‘போதுமானது’ ஆகிவிடும். எண்ணை ஒரு பக்கத்திலிருந்தும் எல்லையை மறு பக்கத்திலிருந்தும் எடுத்து ஒப்பிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மலையாள அறிக்கையை யாரோ படித்துச் சொல்ல, கோயம்புத்தூர் துண்டறிக்கையில் எல்லையைத் தேடுவது நம் பக்கத்தில் சாதாரணம்.

என்ன முறை என்று எழுதாத அறிக்கையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். முறை இருக்க வேண்டிய இடத்தில் ‘ஐசிபி-எம்எஸ் கருவியில் சோதிக்கப்பட்டது’ என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள் (அணுக்களை நிறை வாரியாகப் பிரித்து எண்ணும் கருவி அது). கருவி கடைசிப் படி மட்டும். வடிகட்டிய திரவத்தில் உள்ள துத்தநாகத்தை, ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1950-களில் உருவாக்கிய அணு உறிஞ்சல் முறையே அருமையாக அளந்துவிடும்: காற்று-அசிட்டிலின் சுடர், 213.9 நானோமீட்டர் ஒளி, வேலை முடிந்தது. எதை வடிகட்டினோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

0.783 என்று மூன்று தசமம் எழுதும் அறிக்கைகளும் அப்படியே. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தைச் சேர்ந்த வில்லியம் ஹார்விட்ஸ் ஏராளமான ஆய்வக ஒப்பீடுகளைத் திரட்டி 1980-ல் ஒரு விதியைச் சொன்னார். ஒரு பிபிஎம் அளவில், நல்ல ஆய்வகங்கள் ஒரே மாதிரியை ஒரே முறையில் அளந்தாலும் முடிவுகள் சுமார் 16 சதவீதம் சிதறும். எனவே ஒருவர் 0.8, இன்னொருவர் 0.95 என்றால் சண்டைக்கே இடமில்லை. 0.8-க்கும் 2.6-க்கும் உள்ள இடைவெளி அந்தச் சிதறலில் அடங்காது. அதனால்தான் முறையைச் சந்தேகிக்கிறேன்.

முறைக்கு அடுத்து நான் சந்தேகிப்பது வாளியை. இதைச் சிரிக்காமல் படியுங்கள். மண் எடுத்துக் கலக்கப் பெரும்பாலான தோப்புகளில் கையில் கிடைப்பது தகர வாளி, அதன் மேல்பூச்சு துத்தநாகம். அரை கிலோ மண்ணில் ஒரே ஒரு மில்லிகிராம் துத்தநாகம் உதிர்ந்து விழுந்தால் அது 2 பிபிஎம் கூடுதல்! கண்ணுக்குத் தெரியாத துகள் ‘குறைவு’ என்பதைப் ‘போதுமானது’ ஆக்கிவிடும். பித்தளைச் சல்லடையில் சலித்தால் தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்து ஏறும். ரப்பர் மூடி, பவுடர் போட்ட கையுறை இரண்டிலும் துத்தநாகம் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் வெற்றுச் சோதனை என்று ஒன்றை ஒவ்வொரு தொகுதியிலும் வைப்போம்: மண் இல்லாமல் வெறும் கரைசலை மட்டும் எல்லாப் படிகளிலும் கொண்டுபோய்ப் பார்ப்பது. அதில் துத்தநாகம் தெரிந்தால் குற்றவாளி எங்கள் பாத்திரம். ஆனால் உங்கள் வாளியைப் பிடிக்க எங்களிடம் வழி இல்லை.

ஆகவே அடுத்த முறை பிளாஸ்டிக் வாளி, துருவும் பூச்சும் இல்லாத மண்வெட்டி. உரம் போட்ட பாத்தியும் வாய்க்கால் ஓரமும் எருக்குவியல் கிடந்த இடமும் வேண்டாம். மயில்துத்தம் (தாமிர உப்பு) கலந்து பூஞ்சணத்துக்கு அடிக்கும் போர்டோ கலவை தயாரித்த இடத்துப் பக்கமே போகாதீர்கள், தாமிர அளவு அறிக்கையையே விழுங்கிவிடும். பல மரங்களின் அடியிலிருந்து எடுத்ததை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, அரை கிலோ ஆகும் வரை குறைக்க வேண்டும். நீங்கள் ‘பாதி பாதி’ என்று எழுதியிருப்பது இப்படிக் கலந்த பிறகு பிரித்ததா, ஒரு குழி அங்கே ஒரு குழி இங்கே என்று கொடுத்ததா? இரண்டாவது என்றால் நான் மேலே சொன்னதில் பாதி வீண்.

சரி, இப்போது என்ன செய்வது? இரண்டு அறிக்கையிலும் பிஎச் இருக்கும், அதைப் பாருங்கள். 7-க்கு மேல் என்றால், நீர்த்த அமிலம் பட்டால் மண் நுரைக்கவும் செய்தால், டிடிபிஏ எண்ணை நம்புங்கள், 2.6-ஐ ஒதுக்கிவிடுங்கள். உங்கள் தோப்பு மேட்டுச் செம்மண்ணில் இருந்து பிஎச் 6-க்குக் கீழே என்றால் கதை மாறும். அப்போது அமில முறைக்கு மரியாதை உண்டு. முறை அச்சிடப்படாவிட்டால் ஆய்வகத்துக்குப் போன் செய்து கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். கேரளப் பக்கத்து அறிக்கையை அங்குள்ள வேளாண் அலுவலகமான கிருஷி பவனில் காட்டினாலும் சொல்வார்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம் இருந்தால் எந்தச் சோதனைக்கு, எந்த முறைக்கு அங்கீகாரம் என்ற பட்டியலும் இருக்கும். சுவரில் மாட்டிய சான்றிதழை விட அந்தப் பட்டியல் முக்கியம்.

அதோடு நிறுத்தாமல் இலையையும் கொடுங்கள். மண் சோதனை மரத்துக்கு என்ன கிடைக்கலாம் என்று சொல்லும், இலைச் சோதனை என்ன கிடைத்தது என்று சொல்லும். வளர்ந்த தென்னையில் உச்சியிலிருந்து 14-வது மட்டை, அதன் நடுப்பகுதி ஓலைகள், ஈர்க்கு நீக்கியது. ஓலையைக் கழுவாமல் கொடுத்தால் செம்புழுதியின் இரும்பையெல்லாம் மரத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். இலையில் மொத்தத்தை அளப்பதால் கரைசல் தகராறு இல்லை. நைட்ரிக் அமிலத்தில் முழுதாகச் செரித்துவிடலாம். அளவு தெரிந்த இலைப்பொடியை அளந்து எங்களை நாங்களே சரிபார்க்கவும் வழி உண்டு. 1960-களில் பிரிட்டனைச் சேர்ந்த போவன் என்பவர் கேல் கீரையை உலர்த்திப் பொடித்துப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒப்பிட்ட காலத்திலிருந்தே இந்த வழக்கம் இருக்கிறது. இன்று அமெரிக்காவின் தர அளவை நிறுவனமான நிஸ்ட் பீச் மர இலைப் பொடியைச் சான்றளித்து விற்கிறது, அதில் துத்தநாகம் சுமார் 18 பிபிஎம். எங்கள் கையில் அது 18-க்கு அருகில் வந்தால்தான் உங்கள் ஓலையின் எண்ணை வெளியே விடுவோம். ‘சான்றளிக்கப்பட்ட மாதிரியில் என்ன வந்தது’ என்று நீங்களும் ஆய்வகத்தைக் கேட்கலாம். நல்ல ஆய்வகம் முகம் சுளிக்காது.

நீங்கள் கேட்காத ஒன்று, போரான். சுண்ணாம்புக் கரிசலில் அதுவும் மரத்துக்கு எளிதில் கிடைக்காது, கேரளத்து அமில மண்ணிலும் பரவலாகப் பற்றாக்குறை. புது மட்டைகள் விரியாமல் கொக்கி போல வளைந்து சுருங்கினால் துத்தநாகத்துக்கு முன்னால் இதைப் பாருங்கள். சுடுநீரில் எடுத்து அளப்பார்கள், எல்லை 0.5 பிபிஎம். சாதாரண ஆய்வகக் கண்ணாடியிலேயே போரான் இருப்பதால் இந்தச் சோதனைக்கு அது ஆகாது.

இளநீர். கொடுக்கலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஆர்செனிக்கின் நிறை 75. ஐசிபி-எம்எஸ் கருவி ஆர்கான் வாயுவில் ஓடுகிறது, இளநீரில் குளோரைடு தாராளம். ஆர்கான் 40-ம் குளோரின் 35-ம் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75. கவனிக்காத கருவி அதையும் ஆர்செனிக் என்றே எண்ணிவிடும். ஹீலியம் மோதல் அறை வைத்து அந்த ஜோடியை வடிகட்டுகிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். வாங்குபவர் அறிக்கை கேட்காத வரை நான் இளநீருக்குச் செலவழிக்க மாட்டேன். சந்தேகம் தீரவில்லை என்றால் தோப்புக்குப் பாயும் கிணற்று நீரை முதலில் கொடுங்கள், அதில் அளப்பதும் எளிது.