ட்ரையல்ஸ் பிரேமில் ரம்பம் வைக்கும் முன்

கேள்வி: பழைய 26 அங்குல அலுமினிய ட்ரையல்ஸ் சைக்கிள் (காலைத் தரையில் ஊன்றாமல் பாறை, தடுப்புகள் மேல் குதித்து ஏறி இறங்கும் விளையாட்டுக்கானது) ஒன்று வாங்கியிருக்கிறேன். பின்சக்கரத்துக்கு ஹைட்ராலிக் ரிம் பிரேக் போட்டாயிற்று, டிஸ்க் பிரேக் போடப் போவதில்லை. அதனால் டிஸ்க் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) மாட்டும் காது, கேபிள் பிடிக்கும் கொக்கிகள், தொடையில் இடிக்கும் சீட் டியூபின் (சீட் மாட்டுவதற்கான நெட்டுக் குழாயின்) மேல்துண்டு, இந்த மூன்றையும் கிரைண்டரால் அறுத்து வழவழப்பாக்கி பெயின்ட் அடிக்கலாமா? எடையும் குறையுமே. பிரேம் பலவீனமாகிவிடுமா?

பதில்: ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டீர்கள், பதில் மூன்று விதமாக வருகிறது. கேபிள் கொக்கிகளைப் பொறுமையாக எடுக்கலாம். டிஸ்க் காது எப்படி அமைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். என்னைக் கேட்டால் விட்டுவிடுவேன். சீட் டியூப் துண்டைத் தொட வேண்டாம். கிரைண்டரை மூன்றுக்குமே எடுக்க வேண்டாம்.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். டிஸ்க் காது 5 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 9 கன செ.மீ. வருகிறது. அலுமினியம் கன செ.மீ.க்கு 2.7 கிராம், ஆக 24 கிராம். போல்ட் துளைகளையும், அறுக்காமல் விட வேண்டிய அடிப்பகுதியையும் கழித்தால் 20 கிராம் தேறுவதே பெரிது. பயிற்சிக்கு நடுவில் குடிக்கிற தண்ணீரில் இரண்டு மிடறு. சக்கரத்தின் ரப்பர் டியூபை ஒரு சுற்று மெல்லியதாக மாற்றினாலே இதைவிட அதிகம் குறையும்.

அந்த 20 கிராமுக்கு எதைப் பணயம் வைக்கிறீர்கள் என்று பாருங்கள். நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ. 1 மீட்டர் உயரத்திலிருந்து பின்சக்கரத்தில் இறங்குகிறீர்கள். முழங்காலையும் இடுப்பையும் மடக்கி, டயரும் அமுங்கி, 20 செ.மீ. தூரத்தில் வேகத்தை அடக்கினால் சராசரியாக எடையைப் போல் 6 மடங்கு விசை, அதாவது 480 கிலோ. கால் விறைத்துப்போய் 10 செ.மீ.யில் நின்றால் 11 மடங்கு. இதை ஒரு மாலைப் பயிற்சியில் எத்தனை தடவை செய்வீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அறுத்த அன்றைக்கு எதுவும் ஆகாது. அதுதான் இதில் உள்ள ஏமாற்று. திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்கும்போது உலோகம் உள்ளுக்குள் சோர்ந்துபோகிறது. எஃகுக்காவது, சுமை ஓர் அளவைத் தாண்டாதவரை எத்தனை முறை ஏறி இறங்கினாலும் தாங்கும் என்று ஓர் எல்லை உண்டு. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சின்னச் சுமையும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். அந்தச் சோர்வு முதலில் வெளிப்படுவது கூர்மையான கீறலில். வட்டமான ஒரு துளையின் ஓரத்திலேயே தகைவு (உலோகத்துக்குள் ஏறும் அழுத்தம்) 3 மடங்கு ஏறிவிடும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கிரைண்டர் வட்டு சறுக்கி விழுந்த V வடிவ வெட்டில் அது இன்னும் மோசம். போதாக்குறைக்கு, பல பிரேம்களில் குழாயின் நடுப்பகுதிச் சுவர் 1 மி.மீ.யை ஒட்டித்தான் இருக்கும். 0.3 மி.மீ. ஆழத்துக்கு வட்டு இறங்கினால் அந்த இடத்தில் சுவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மேலே பெயின்ட் அடித்துவிட்டால் அது கண்ணிலும் படாது.

அப்புறம் சூடு. 6061 போன்ற உலோகக்கலவைப் பிரேம்களை வெல்டிங் முடிந்ததும் 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு குறைந்த சூட்டில் பல மணி நேரம் வைத்து வலுவேற்றுகிறார்கள். 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் அந்த வலு கரையத் தொடங்கும். இரும்பு சிவந்து காட்டிக்கொடுக்கும், அலுமினியம் நிறமே மாறாது. பக்கத்துப் பெயின்ட் கருகிக் குமிழ்விட்டால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். இரும்புக்கான வட்டில் அலுமினியம் அப்பிக்கொண்டு வட்டே வெடிக்கவும் கூடும். தவறாக அறுத்துவிட்டால் திரும்ப வெல்டிங் வைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். வெல்டிங் சூடு சுற்றியுள்ள இடத்தை இளக்கிவிடும், முழுப் பிரேமையும் மறுபடி சூளையில் ஏற்றினாலொழிய வலு திரும்பாது.

சரி, டிஸ்க் காதுக்கு வருவோம். பின் இடது பக்கம் உட்கார்ந்து, அது எதோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அச்சு உட்காரும் டிராப்அவுட்டும் காதும் ஒரே கட்டியில் கடைந்தெடுத்ததாக இருந்தால், அதை உதிரிப்பாகம் என்று சொல்லவே முடியாது. பின் அச்சுக்கு வந்து சேரும் இரண்டு குழாய்களையும் காது தொட்டுக்கொண்டு நடுவில் பாலம் போல நின்றாலும் அப்படித்தான். அதை எடுத்தால் முக்கோணத்தின் மூலையில் இருந்த முட்டு போய்விடும். ஒரே குழாயின் மேல் தனித் தகடாக வெல்டிங் செய்திருந்தால் மட்டுமே அறுப்பதைப் பற்றிப் பேசலாம். அப்போதும் வெல்டிங் தடத்துக்கு மேல் 3 மி.மீ. விட்டு அறுங்கள். குழாயோடு குழாயாக மழிக்கப் போனால் தகட்டோடு குழாய்ச் சுவரும் போகும். மிஞ்சும் அந்தச் சின்ன மேடு யார் கண்ணையும் உறுத்தாது.

கேபிள் கொக்கிக்கும் அதே முறைதான். நுண்பல் ஹாக்ஸா பிளேடு, அரை வட்ட அரம், பிறகு 120, 240, 400 என்று உப்புத்தாள். சுற்றியுள்ள குழாயில் நாலைந்து சுற்று டேப் ஒட்டிவிடுங்கள், அரம் தவறினால் அது வாங்கிக்கொள்ளும். முக்கியமான ஒன்று: கடைசித் தேய்ப்பு குழாயின் நீளவாக்கில் இருக்கட்டும். குழாயைச் சுற்றிப் போகும் கோடுகள்தான் வளையும்போது வாய் பிளக்கும். நீளவாக்கில் போகும் கோடுகளால் அவ்வளவு ஆபத்தில்லை. கொக்கி ரிவெட் அடித்து மாட்டியதாக இருந்தால் எடுக்காதீர்கள், துளைதான் மிஞ்சும்.

சீட் டியூபில் ஏன் இவ்வளவு கறார்? மேல்குழாய் வந்து சேரும் வெல்டிங்குக்கு மேலே நீளும் அந்தத் துண்டு, குழாய் வட்டம் குலையாமல் பிடித்துக்கொள்ளும் வளையம். அதை வெல்டிங் வரைக்கும் அறுத்தால், சூட்டில் ஏற்கெனவே மாறுதல் கண்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வெட்டு விளிம்பைத் திறந்துவைக்கிறீர்கள். தொடையில் இடிப்பதுதான் தொல்லை என்றால் ரப்பர் மூடி ஒன்றைச் செருகி, மேலே ஹேண்டில்பார் டேப்பைச் சுற்றுங்கள். எனக்கு அப்படித்தான் பழகிப்போயிற்று.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: வலது பக்கம் செயின் டென்ஷனர் மாட்டும் கொக்கி. பிரேமிலேயே வேறு வழியில் செயினை இழுத்துவைக்க முடியாது என்றால் அதை விட்டுவையுங்கள். முழு உடல் எடையோடு பெடலை உதைத்துப் பாயும் நொடியில் செயின் நழுவினால் வாய் ஹேண்டில்பாரில் போய் இடிக்கும்.

கார்பன் பிரேம் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலையே மறந்துவிடலாம். அதில் எதையும் அறுக்கக் கூடாது.

அறுத்த இடத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறப் பெயின்ட் அடியுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஹெட் டியூப் (ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்குழாய்) சேரும் இடத்தையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. முடி போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே இழுங்கள். நகம் தட்டினால் அன்றோடு அந்தப் பிரேமில் குதிப்பதை நிறுத்திவிடுங்கள். தட்டாவிட்டாலும் கோட்டின் இரு முனைகளிலும் பேனாவால் புள்ளி வைத்துவிட்டு, சின்னச் சின்னக் குதிப்பு மட்டும் செய்து பாருங்கள். கோடு புள்ளியைத் தாண்டியிருந்தால் அது பெயின்ட் வெடிப்பு இல்லை.