துடிப்பு இடையிடையே ‘விட்டுப் போவது’ போல் இருக்கிறது, ஈசிஜி நார்மல் என்கிறார்கள். ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. உங்கள் இதயம் துடிக்க மறக்கவில்லை. ஒரு துடிப்பு நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. இதை எக்டோபிக் துடிப்பு என்பார்கள்.

வழக்கமாக வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுதான் தாளத்தை நடத்துகிறது. சில நேரம் மேலறையிலோ கீழறையிலோ வேறொரு இடம் முந்திக்கொண்டு மின்தூண்டலை அனுப்பிவிடும். அப்போது கீழறையில் ரத்தம் முழுதாக நிரம்பியிருக்காது. அதனால் வெளியேறும் ரத்தமும் குறைவு. மணிக்கட்டு நாடியில் அது தெரியாமலே போகலாம். அடுத்த துடிப்புக்குச் சற்று அதிக இடைவெளி விழும். அந்த இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. தொண்டைவரை ‘டொக்’கென்று இடித்து உங்களைப் பயமுறுத்துவது இந்த ஒழுங்கான துடிப்புதான்.

படுத்த பிறகு, அதுவும் இடதுபக்கம் திரும்பிப் படுத்தால், இதயம் நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வருவதால் இது நன்றாக உறைக்கும். நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஈசிஜி சில நொடிகளைத்தான் பதிவு செய்கிறது. அந்த நேரத்தில் எக்டோபிக் வராவிட்டால் நார்மல் என்றுதான் வரும். உடம்பில் மாட்டிக்கொண்டு நடமாடும்போதே துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் சிறு கருவியான ஹோல்டரை 24 மணி நேரம் மாட்டினால் எண்ணிக்கை தெரியும். மாட்டியிருக்கும்போது உணர்வு வந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லையென்றால் பாதிப் பயன் போய்விடும். வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறதென்றால் ஒரு நாள் பதிவு போதாது, இன்னும் நீண்ட நாள் பதிவைக் கேளுங்கள்.

ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய 1 லட்சம் முறை துடிக்கிறது. அதில் 500 எக்டோபிக் என்பது 0.5 சதவீதம்தான். கீழறை எக்டோபிக் 10 சதவீதத்தைத் தாண்டினால் எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்து இதயத்தின் பலத்தைக் கண்காணிப்பார்கள். 20 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் சிலருக்கு இதயத் தசை தளர்கிறது. மருந்தாலோ, தூண்டும் இடத்தை மெல்லிய குழாய் வழியே செயலிழக்கச் செய்யும் அப்லேஷன் சிகிச்சையாலோ எண்ணிக்கையைக் குறைத்தால் பலருக்கு அந்தத் தளர்ச்சி சரியாகிவிடுகிறது.

எக்டோபிக் குறைந்தாலே நல்லது என்றும் நினைக்காதீர்கள். மாரடைப்பு வந்தவர்களுக்கு என்கைனைடு, ஃபிளகைனைடு என்ற தாளத்தைச் சீராக்கும் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த காஸ்ட் (CAST) என்ற ஆய்வில் எக்டோபிக் அடங்கியது, இறப்போ கூடியது. 1989-இல் அந்த முடிவு வெளிவந்தது. எண்ணிக்கை குறைவு, எக்கோ நார்மல் என்றால் மருத்துவர் மருந்து எழுதாமல் அனுப்புவது அலட்சியமல்ல.

தூக்கக் குறைவு, மது, மன அழுத்தம், மூக்கடைப்பு மாத்திரை, சால்புடமால் இன்ஹேலர் ஆகியவை தூண்டலாம். காபியை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் அளவாகக் குடிக்கலாம். தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம், மெக்னீசியம் பரிசோதனைகள் அவசியம். ஆனால் பொட்டாசியம் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், ராமிப்ரில், லோசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம்.

நாடியை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்து முழு 60 நொடி பாருங்கள். சீரான தாளத்தில் அவ்வப்போது ஓர் இடைவெளி என்றால் எக்டோபிக்காக இருக்கலாம். தாளமே பிடிபடாமல் கன்னாபின்னாவென்று ஓடினால் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம்; அதில் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரும் அபாயம் உண்டு, தள்ளிப்போடாமல் ஈசிஜி எடுக்க வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று எக்டோபிக்காக வரும்போது விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 80 என்ற நாடித்துடிப்பை 40 என்று காட்டக்கூடும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், அடங்காத வேகத் துடிப்பு இருந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். உடற்பயிற்சியின்போது எக்டோபிக் கூடினாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்திருந்தாலோ இதய மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து கொடுத்திருந்தால், துடிப்பு சரியாகிவிட்டதென்று ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். படபடப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.