வயதான நாய்க்குப் பற்கள் விழுவது மூப்பின் இயல்புதானா?

உங்கள் பன்னிரண்டு வயது நாய்க்கு முன்பற்கள் சில விழுந்துவிட்டன, வாய் நாறுகிறது, ஆனாலும் சோறு தின்கிறது, ஆகவே மூப்பு என்று விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விட்டுவிட வேண்டாம். நான் கால்நடை மருத்துவன் அல்லன். கொடைக்கானலை அடுத்த பூம்பாறையில் நாய்களுடன் வாழ்பவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள் உண்டு; அவற்றில் ஒன்றுகூட வயதின் காரணமாக மட்டும் விழுவதில்லை. பல்லில் படியும் அழுக்கு சில நாட்களிலேயே காரையாக இறுகி, ஈற்றுக்கு அடியில் கிருமிகள் குடியேறி, பல்லைப் பிடித்திருக்கும் தசைநாரையும் எலும்பையும் அரித்த பிறகே பல் ஆடத் தொடங்குகிறது. எனவே விழுந்த பல்லைவிட, இன்னும் விழாமல் சீழ் கட்டி நிற்கும் பற்களைப் பற்றியே நீங்கள் கவலைப்பட வேண்டும். பொமரேனியன் போன்ற சிறிய இனங்களில் இந்த அரிப்பு முற்றினால் கீழ்த்தாடையே முறிந்துபோவதும் உண்டு.

தின்கிறது என்பதை நலத்தின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். நாய் நம்மைப்போல மென்று அரைப்பதில்லை, கிழித்து விழுங்கும். வலியிருந்தாலும் பசி அதை உண்ண வைக்கும். ஒரு பக்கமாகவே கடிப்பது, வாயில் எடுத்ததைக் கீழே போடுவது, முகத்தைத் தரையில் தேய்ப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லுக்கு வேர்கள் மூன்று. அவை கண்ணுக்குச் சற்றுக் கீழேதான் முடிகின்றன. அங்கே சீழ் கட்டினால் கண்ணுக்கடியில் வீங்கும். எங்கள் ஊரில் அதைத் தேனீ கொட்டியது என்பார்கள். மேல் கோரைப்பல்லின் வேருக்கும் மூக்குக்கும் இடையே இருப்பதோ மிக மெல்லிய எலும்பு. அது அரிக்கப்பட்டால் நாய் ஓயாமல் தும்மும், ஒரு பக்க மூக்கில் மட்டும் நீரோ இரத்தமோ வடியும். பனிக்காலமாக இருந்துவிட்டால் சளி என்று சொல்லிக் கடந்துவிடுவோம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் மலைப்பூண்டு எல்லா நோய்க்கும் மருந்தென்ற நம்பிக்கையில், அதை நசுக்கி நாயின் ஈற்றில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

பல்லைச் சுத்தம் செய்யவும் பிடுங்கவும் வயதான நாய்க்கு மயக்க மருந்தா என்று எல்லோரும் அஞ்சுகிறார்கள். அதற்குத்தான் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பார்க்கிறார்கள். இதயத்தையும் கேட்டுப் பார்க்கிறார்கள். மயக்கம் கொடுக்காமல் காரையைச் சுரண்டினால் பல் வெளுக்கும், அவ்வளவுதான். ஈற்றுக்கு அடியிலுள்ள நோய் அப்படியே இருக்கும். வேரின் நிலை பல் எக்ஸ்-ரேயில்தான் தெரியும் என்பதால், அந்த வசதி எங்கே உண்டென்று விசாரித்து, திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ இறங்க வேண்டியிருந்தாலும் இறங்குங்கள். முந்திய இரவிலிருந்து உணவு கொடுக்க வேண்டாம் என்பார்கள்; வளைவுகளில் வாந்தியெடுக்கும் நாய்க்கு அதுவும் நல்லதே. மயக்கத்துக்குப் பின் கிழநாயின் உடல் எளிதில் சில்லிட்டுவிடும். திரும்பி மலையேறும்போது அதற்குக் கம்பளி போர்த்திக் கூட்டி வாருங்கள்.

பற்கள் இல்லாமல் எப்படித் தின்னும் என்ற கவலையும் வேண்டாம். எங்கள் கருப்பனுக்குக் கடைவாய்ப்பற்கள் பெரும்பாலும் பிடுங்கப்பட்டுவிட்டன. ஈறு ஆறும் வரை குழைந்த சோற்றில் எலும்பில்லாத கோழியைப் பிசைந்து வைத்தோம். இப்போது வெதுவெதுப்பான நீரில் ஊறிய நாய் உணவைத் தயங்காமல் தின்கிறது. வயதாகிவிட்டதால்தான் விளையாட்டை விட்டது என்று வீட்டில் எல்லோரும் எண்ணியிருந்த நாய், தானே பந்தைக் கவ்விக்கொண்டு வருகிறது.

எஞ்சிய பற்களின் வெளிப்புறத்தையாவது நாள்தோறும் துலக்குங்கள். நமது பற்பசை ஆகாது. சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கிக் கல்லீரலையும் கெடுக்கும். கடிக்கட்டும் என்று மாட்டெலும்பு போடாதீர்கள்; காட்டில் உதிர்ந்து கிடக்கும் கடமான் கொம்பையும் எடுத்து வராதீர்கள். இரண்டும் கடைவாய்ப்பல்லைப் பிளக்கும் அளவுக்குக் கடினமானவை; கொம்பை எடுத்து வருவது வனச் சட்டப்படியும் குற்றம்.