ஜூலை லீவில் மட்டும்

கேள்வி:

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், நகராட்சி வாடகைக்கு விடும் கவுன்சில் ஃப்ளாட்டில் இருக்கிறோம். கணவர் வேலை பார்த்த ஷூ ஃபேக்டரியைப் போன வருடம் மூடிவிட்டார்கள். அதிலிருந்து வெள்ளி, சனி குடிக்கிறார். குடித்தால் சத்தம் போடுவார், சாமானை எறிவார். ஆனால் கை வைத்தது கிடையாது. நான் மோபேனியில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் தைக்கிறேன், வீடு வர ஐந்தரை ஆகிவிடும். எட்டு வயது மகன் ஸ்கூல் விட்டதும் கோயில் ஹாலில் நடக்கும் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிறான். சாப்பாடு கொடுத்து, ஹோம்வொர்க் பார்த்து, விளையாட விடுகிறார்கள். போன மாதம் வீட்டை வரையச் சொன்னார்களாம். இவன் தன்னை அலமாரிக்குள் வரைந்து, “சத்தம் வந்தா நான் இங்கதான் இருப்பேன்” என்று சொல்லியிருக்கிறான். அங்குள்ள ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டு விசாரித்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகிறான், உடனே நிறுத்து என்கிறார் மாமியார். வகுப்பால் நன்மை இல்லாமல் இல்லை. வாசிப்பு தேறியிருக்கிறது. போன வருடம் திரும்ப ஆரம்பித்த படுக்கை நனைப்பதும் நின்று, காலையில் நாலரைக்கு எழுந்து பெட்ஷீட் துவைக்கும் வேலை மிச்சம். ஜூலை லீவில் மட்டும் பழையபடி துவைக்க வேண்டியிருந்தது. ஆன்ட்டி மனம் நோகாமல் அவனை எப்படி நிறுத்துவது?

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்:

பெட்ஷீட் விஷயத்தைக் கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் செருகிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னால் நகர முடியவில்லை. மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அந்த ஜூலை லீவில்தான் வந்து நின்றேன்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். ஃபேக்டரி மூடியது, வீட்டில் சத்தம் தொடங்கியது, பையன் படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். ஹாலுக்குப் போனான், நின்றது. ஜூலையில் ஸ்கூலுக்கு லீவு விட்டார்கள், நாள் முழுக்க வீட்டில் இருந்தான், திரும்ப நனைத்தான். லீவு முடிந்து ஹாலுக்குப் போனான், மறுபடி நின்றது. இத்தனையும் நீங்கள் எழுதியதுதான். எழுதிவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்காமல் எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். துவைக்கிற வேலை மிச்சம் என்பது மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது. நாலரைக்கு எழுந்து துவைத்துப் போட்டுவிட்டு ஷேர் டாக்ஸி பிடிக்க ஓடுகிறவளுக்கு அப்படித்தான் படும், சரி. ஆனால் இப்போது நான் சொல்லிவிட்டேன். இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது.

ஒரு பிள்ளை பல மாதம் நிறுத்திவிட்டு மறுபடி நனைக்க ஆரம்பித்தால் மனக்கலக்கம் ஒரு காரணம். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை நோய் இவற்றாலும் வரலாம். அதனால் ஒருநாள் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள். அரசாங்க கிளினிக்கில் இதற்குக் காசு கேட்கமாட்டார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், கிருமி ஸ்கூல் காலண்டர் பார்த்து வராது. இதற்காக அவனைத் திட்டியிருந்தாலோ, பாட்டி கேலி செய்திருந்தாலோ, அதோடு விடுங்கள். தூக்கத்தில் நடப்பதற்கு அவன் என்ன செய்வான்?

ஆன்ட்டி மனம் நோகாமல் நிறுத்த வழி கேட்கிறீர்கள். என்னிடம் அப்படி ஒரு வழியும் இல்லை, இருந்தாலும் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் கெட்டதை அந்த ஹால் சரிசெய்துகொண்டிருக்கிறது. சரியாகிற இடத்தை விட்டுவிட்டுக் கெடுகிற இடத்திலேயே பிள்ளையை முழுநேரமும் வைக்கப் பார்க்கிறீர்கள்.

வீட்டு விஷயம் தெருவுக்குப் போகிறதாம். கவுன்சில் ஃப்ளாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்ல உங்கள் மாமியாருக்கு எப்படி மனம் வந்தது? அந்தச் சுவர் எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். உங்கள் கணவர் சனிக்கிழமை ராத்திரி எதைத் தூக்கி எறிந்தார் என்பது மேல்மாடிக்கும் தெரியும், கீழ்மாடிக்கும் தெரியும். அவர்கள் தெரியாததுபோல் இருக்கிறார்கள், நீங்களும் அவர்களுக்குத் தெரியாததுபோல் இருக்கிறீர்கள். இந்த நாடகத்தில் சேராதவன் உங்கள் மகன் ஒருவன்தான். அவன் வாயையும் அடைக்க வேண்டும் என்கிறீர்கள்.

நான் பிறந்தது டர்பனில் கேட்டோ மேனரில், மரமும் தகரமுமாகக் கட்டிய வீட்டில். என் தாத்தாவும் குடித்தவர்தான். அவர் குரல் உயர்ந்தால் நாங்கள் பிள்ளைகள் நாலு பேரும் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் போய்விடுவோம். அவர் ஒன்றும் கேட்கமாட்டார். ரொட்டியைக் கையில் கொடுத்துப் பாயை விரித்துவிடுவார். மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து தாத்தாவை நாலு வார்த்தை கேட்பார், தாத்தா தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். வீட்டு மானம் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை போய் ஒதுங்க ஒரு மடி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மடியைத்தான் நிறவெறி அரசாங்கத்தார் முதலில் பிடுங்கினார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்துவைக்க 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தை வைத்து, 1960-களில் கேட்டோ மேனரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் இந்திய வம்சத்து நம் ஆட்களை லாரியில் ஏற்றிச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கினார்கள். பாட்டி சாட்ஸ்வொர்த்தின் ஒரு பகுதியில், சித்தப்பா இன்னொரு பகுதியில், பழைய பக்கத்து வீட்டார் எங்கேயோ. சின்னச் சின்ன வீடுகள், கூட்டுக் குடும்பம் எப்படி அதற்குள் அடங்கும்? அன்றிலிருந்து ஸ்கூல் விட்டு அம்மா வேலையிலிருந்து வரும் வரைக்கும் உள்ள அந்த மூன்று மணி நேரத்துக்கு ஆளில்லை. கோயில் ஹாலில் மத்தியானம் நடந்த தமிழ்ப் பள்ளிக்கூடம் அதைக் கொஞ்சம் ஈடுகட்டியது. வாத்தியார் சொல்லிக்கொடுத்த எழுத்தில் பாதி எனக்கு மறந்துவிட்டது. நான் வராத நாளில் மறுநாள் “ஏன் வரலை?” என்று அவர் கேட்டது மறக்கவில்லை.

உங்கள் ஆன்ட்டி அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் செய்ததைக் கொஞ்சம் யோசியுங்கள். பையனைக் குடைந்து கேட்கவில்லை, படத்தை நாலு பேருக்குக் காட்டவில்லை, நேராகத் தாயைக் கூப்பிட்டார். இதில் என்ன குற்றம் கண்டீர்கள்? 2005-ஆம் வருடத்துப் பிள்ளைகள் சட்டத்தில் 110-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளை காயம்படும்படி அடிபடுகிறது, பாலியல் தொல்லைக்கு ஆளாகிறது, வேண்டுமென்றே கவனிக்காமல் விடப்படுகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், டீச்சரிலிருந்து இப்படிப்பட்ட மையத்தில் உதவும் தொண்டர் வரைக்கும் புகார் செய்தே ஆகவேண்டும். அந்த எல்லைக்கு இன்னும் வரவில்லை என்று பார்த்து உங்களிடம் பேசியிருக்கிறார். அடுத்த தடவையும் உங்களிடம்தான் வருவார் என்று எண்ணிக்கொண்டிருக்காதீர்கள்.

எல்லா ஹாலும் நல்ல ஹால் என்று நான் சொல்லவில்லை. கதவைச் சாத்தி டிவி போட்டுவிட்டு ஃபோனில் உட்காரும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் டர்லாக், வைஸ்பெர்க், பச்சான் மூவரும் இதுபோன்ற வகுப்புகளைப் பற்றிய ஆய்வுகளை 2010-இல் தொகுத்துப் பார்த்தார்கள். கோபத்தை எப்படி அடக்குவது, மற்ற பிள்ளைகளோடு எப்படிப் பழகுவது என்பதைப் படிப்படியாக, பிள்ளைகளைச் செய்துபார்க்க வைத்துச் சொல்லிக்கொடுத்த இடங்களில் பலன் தெரிந்தது. மற்ற இடங்களில் அப்படித் தெரியவில்லை. ஆகவே ஒருநாள் அரை நாள் லீவு போட்டு ஹாலில் போய் உட்காருங்கள். தினமும் அதே ஆட்கள்தான் வருகிறார்களா, பிள்ளையோடு தனியாக யாராவது கதவைச் சாத்திக்கொள்கிறார்களா, அங்கே வேலை செய்கிறவர்களின் பெயரை, பிள்ளைகளோடு வேலை செய்யத் தகாதவர்களைக் குறித்துவைக்கும் பிள்ளைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். நல்ல இடம் என்றால் இதைக் கேட்டதற்குக் கோபப்படமாட்டார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். “கை வைத்தது கிடையாது” என்று அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். 1998-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பொருளை உடைப்பதும் வன்முறைதான். 2021 திருத்தத்துக்குப் பிறகு, பிள்ளை கண்டு கேட்கும்படி இதையெல்லாம் செய்வதும் அதில் சேர்ந்துவிட்டது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்க வக்கீல்கூட வேண்டாம். இன்றைக்கே போங்கள் என்று சொல்லவில்லை. குடும்பத்தைப் பிரித்துவிடும் ஆள் நான் இல்லை, என்னை வருடக்கணக்காகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றும் கடமை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் இருக்கக்கூடாது. இப்போது உங்கள் வீட்டில் அதைச் சுமப்பது அவன்தான், அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டு.

வேலை போனது அவர் குற்றமில்லை. 1990-களில் இறக்குமதி வரியைக் குறைத்து மலிவுச் சரக்கு வந்து குவிந்ததிலிருந்து டர்பனில் எத்தனை ஷூ ஃபேக்டரி, துணி ஃபேக்டரி மூடியது என்று நீங்களும் பார்த்தவர்தான். வெள்ளிக்கிழமை பாட்டில் அவர் குற்றம். அதை வாங்கும் காசு யார் தைத்துச் சம்பாதித்தது என்று நான் கேட்கவில்லை.

அவர் தெளிந்திருக்கும் ஒரு செவ்வாயோ புதனோ பார்த்து, ஆன்ட்டியிடமிருந்து அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி அவர் முன்னால் வையுங்கள். நீங்கள் பேச வேண்டாம், படம் இருக்கிறது. பிறகு குடியை விட உதவும் சான்கா என்ற அமைப்புக்கு அவரைக் கூட்டிப்போங்கள். மாமியாரும் கூட வரட்டும். மகனைக் கண்டிக்க முடியாமல்தானே பேரனை அடக்கப் பார்க்கிறார். அவர் கண்டிக்க வேண்டியவன் வேறு ஆள் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள், என்மேல் கோபித்துக்கொள்ளட்டும். ராத்திரியில் நிலைமை கைமீறினால் பிள்ளைகளுக்கான உதவி எண் சைல்ட்லைன் 116, இலவசம். அந்த எண் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் டிசம்பர். ஸ்கூல் மூடினால் ஜனவரி நடுவில்தான் திறக்கும், பண்டிகை நாளில் பாட்டிலும் கூடும். ஹால் எத்தனை நாள் திறந்திருக்கும் என்று இந்த வாரமே கேட்டுவிடுங்கள். மூடுகிற நாட்களுக்கு அவன் எந்தப் பெரியம்மா வீட்டில், எந்த அத்தை வீட்டில் இருக்கலாம் என்று அவனையே கேளுங்கள். அதற்கும் மீறி ஒருநாள் படுக்கை நனைந்தால், நாலரைக்கு நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். பெட்ஷீட் துவைக்கப் பகல் முழுக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார்.